புள்ளி விவரம்

பல் டாக்டரின் வரவேற்பறையில் காத்திருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். உள்ளேயிருந்து ட்ரில் சத்தம். மேஜையில் அட்டை கிழிந்த பழைய பத்திரிகை. எதிரே ஒரு மீன் தொட்டி. பயந்துபோய் வந்திருக்கும் நம்மைச் சாந்தப்படுத்தத்தான் அதை வைத்திருக்கிறார்களாம். மீன் பாட்டுக்கு இப்படியும் அப்படியும் போய்க்கொண்டிருக்கும். 'அட, நாமும் இப்படிக் கவலையில்லாமல் இருக்கக்கூடாதா' என்று தோன்றும்.

அடுத்த முறை போகும்போது கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அந்த மீன் பாறையில் உடம்பைத் தேய்த்துக்கொள்கிறதா? செவுள் மூடி வேகவேகமாக அடித்துக்கொள்கிறதா? துடுப்பில் தூள் உப்பைத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றனவா? தெரிந்தால், அங்கே சிகிச்சை தேவைப்படுவது உங்கள் கடைவாய்ப் பல்லுக்கு மட்டுமில்லை.

நான் படித்தது பி.காம். விலங்கியலுக்கும் எனக்கும் இருந்த ஒரே சம்பந்தம், ப்ளஸ் டூ படிக்கும்போது பக்கத்து லேபிலிருந்து வந்த ஃபார்மலின் வாசனை. இருந்தும் இந்த வாரம் மீன் வியாதி பற்றி எழுதக் காரணம், எங்கள் ஃப்ளாட்டில் முதல் மாடியில் இருக்கும் ரிட்டயர்டு பேங்க் அதிகாரி.

மனைவி காலமாகிவிட்டார். மகன் வெளிநாட்டில். அப்பா தனியாக இருக்கிறாரே என்று அவன் லீவில் வந்தபோது நாலடி நீளத்துக்கு ஒரு கடல் மீன் தொட்டி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். குழந்தைகள் பாஷையில் சொன்னால், இரண்டு நீமோ, ஒரு டோரி. கூடவே மஞ்சள் வாலோடு ஒரு டாம்செல். பேச்சுத் துணைக்கு மீனா என்று சிரிக்காதீர்கள். காலையில் எழுந்து ஹாலுக்கு வந்தால் நம்மைப் பார்த்துக் கண்ணாடிக்கு ஓடிவர நாலு ஜீவன் இருக்கிறது என்பது அந்த வயதில் சின்ன விஷயமில்லை.

சென்னையில் கொளத்தூர் பக்கம் போனால் தெருத் தெருவாக வண்ண மீன் வியாபாரம் நடக்கும். அதில் பெரும்பகுதி நல்ல தண்ணீர் மீன். கடல் மீன் வளர்ப்பது வேறு சாதகம். ஒரு லிட்டருக்கு 35 கிராம் உப்பு, 26 டிகிரி வெப்பம், சுத்தம், காற்று என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. நம் ஊர் சித்திரை வெயிலில் தொட்டிக்குத் தனி ஏ.சி. மாதிரி ஒரு சில்லர் வேண்டியிருக்கும்.

நீமோ என்கிற க்ளவுன் மீனையாவது மனிதன் வளர்க்கக் கற்றுக்கொண்டுவிட்டான். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையத்திலும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும் அதைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். டோரி அப்படியில்லை. ப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் 2016-ல்தான் முதன்முதலாக அதை முட்டையிலிருந்து வளர்த்து ஆளாக்கினார்கள். கடைக்கு வருகிற டோரி அநேகமாகக் கடலில் பிடிபட்டது. வலை, பிளாஸ்டிக் பை, விமானம், மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி என்று ஐந்தாறு கை மாறி வரும்போது, டிக்கெட் வாங்காத பயணி ஒருவரையும் உடம்பில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறது.

ஒருநாள் சாயந்திரம் அவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். டோரியின் மேல் புள்ளி.

"கடைக்காரர்ட்ட சொன்னேன் சார். ஒரு பாட்டில் குடுத்தார். ரெண்டு மூடி ஊத்துங்க, மூணு நாள்ல போயிடும்னார். போயிடுச்சு. இப்ப மறுபடியும் வந்திருக்கு. அதான் ஒண்ணும் புரியலை."

பேங்க் ஆசாமி அல்லவா? டைரி போட்டு வைத்திருந்தார். தினமும் காலை ஏழு மணிக்கு டோரியின் இடது பக்கம் எத்தனை புள்ளி என்று எண்ணி எழுதியிருக்கிறார். திங்கள் 9, செவ்வாய் 14, புதன் 11, வியாழன் 3, வெள்ளி 0. அதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில் 'குணம்' என்று ஒரு வார்த்தை. பிறகு ஒன்பது நாளைக்கு வரிசையாகப் பூஜ்யம். பத்தாவது நாள் 60. பதினோராவது நாள் எண்ணே இல்லை. 'எண்ண முடியவில்லை' என்று எழுதியிருந்தது. நீமோ இரண்டின் மேலும் புள்ளி வந்திருந்தது.

கணக்குப் படித்தவனுக்கு இந்த மாதிரி ஒரு பக்கத்தைப் பார்த்தால் கை அரிக்கும். எங்கேயோ ஒரு தொகை விட்டுப்போயிருக்கிறது. 14 புள்ளி பூஜ்யமானதே, அந்த 14-ம் எங்கே போயின? அவரும் நானுமாக உட்கார்ந்து புத்தகங்களைப் புரட்டினோம். விடை நாங்கள் நினைத்ததைவிட சுவாரஸ்யமாக இருந்தது.

அந்தப் புள்ளியின் பெயர் க்ரிப்டோகாரியான் இர்ரிடன்ஸ். ஒரே ஒரு செல் கொண்ட ஒட்டுண்ணி. 1951-ல் பிரவுன் என்கிற விஞ்ஞானி வைத்த பெயர். மீனின் மேல்தோலுக்குள் புகுந்து, அங்கேயே சாப்பிட்டுக் கொழுக்கும். நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிவது அந்தக் கொழுத்த நிலை. மூன்றிலிருந்து ஏழு நாள் வரை மீன்மேல் குடியிருக்கும். வயிறு நிறைந்ததும் யாரும் கேட்காமலே காலி செய்துவிடும். அதுவும் பெரும்பாலும் இருட்டில். கீழே இறங்கி, மணலிலோ பாறையிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொள்ளும். கூட்டுக்குள் ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, சீக்கிரமானால் மூன்று நாளில், சில சமயம் நாலு வாரம் கழித்து, இருநூறுக்கும் மேற்பட்ட குட்டிகளாக வெடித்து வெளியே வரும். ஒவ்வொன்றுக்கும் ஆயுள் ஒன்று அல்லது இரண்டு நாள். அதற்குள் ஒரு மீனைப் பிடித்துவிட்டால் பிழைக்கும். இல்லாவிட்டால் சாகும்.

கடலில் இது பெரிய பிரச்னையில்லை. அத்தனை பெரிய தண்ணீரில் இருநூறு குட்டிகளில் ஒன்றோ இரண்டோ மீனைக் கண்டுபிடித்தால் அதிகம். நாலடித் தொட்டியில்? எங்கே திரும்பினாலும் மீன்தான். நானூறு ரூபாய்க்கு நாலு வட்டி என்பதெல்லாம் இதற்கு முன்னால் தூசு. பதினாலு போய், ஒவ்வொன்றும் இருநூறாகத் திரும்பினால் 2,800. கந்து வட்டிக்காரர் கூட இந்த ரேட் கேட்கமாட்டார். இதே ஒட்டுண்ணி, கடலில் கூண்டு போட்டுக் களவாவும் கொடுவாவும் வளர்க்கிற பண்ணைகளையும் விடுவதில்லை. அங்கேயும் ஒரே இடத்தில் நெருக்கமாக மீன்.

இப்போது டைரியை மறுபடி பாருங்கள். வெள்ளிக்கிழமை பூஜ்யம். 'குணம்' என்று சிவப்பு மையில் எழுதிய அன்று, அத்தனையும் மணலில் இறங்கி மும்முரமாகக் குட்டி போட்டுக்கொண்டிருந்தன. மீன்மேல் இருந்த கணக்கு, மணல் கணக்குக்கு மாறியிருக்கிறது. அவ்வளவுதான். எங்கள் பாஷையில் சொன்னால், சரக்கு கோடவுனை விட்டு லாரியில் போய்க்கொண்டிருக்கிறது. கோடவுன் காலி என்பதற்காக வியாபாரம் முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

அந்த பாட்டில் இல்லாமலிருந்தாலும் அந்த வெள்ளிக்கிழமை புள்ளி மறைந்திருக்கும். வேண்டுமானால் தொட்டிக்கு முன்னால் விளக்கேற்றியிருக்கலாம், பூண்டு நசுக்கிப் போட்டிருக்கலாம், எலுமிச்சம்பழம் சுற்றியிருக்கலாம். எதைச் செய்திருந்தாலும் நாலைந்து நாளில் 'பலன்' தெரிந்திருக்கும். செய்தவர் ஊரெல்லாம் சிபாரிசு செய்திருப்பார். கடல் மீன் வளர்ப்பவர்களிடையே இத்தனை கைவைத்தியம் புழங்குவதற்கும், அத்தனைக்கும் சாட்சி சொல்ல ஆள் இருப்பதற்கும் இதுதான் காரணம். அந்தக் கடைக்காரர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவரும் மூன்று நாளில் புள்ளி மறைவதைப் பல முறை கண்ணால் பார்த்தவராகத்தான் இருக்கும்.

இதைப் படிக்கும்போது எனக்கு ரொனால்ட் ராஸ் ஞாபகம் வந்தார். மலேரியாக் கிருமி மனிதனின் ரத்தத்தில் இருப்பது அவருக்கு முன்பே தெரியும். அது வேறு எங்கே குடியிருக்கிறது என்று தேடினார். 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் ஒரு கொசுவின் வயிற்றில் அதைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகுதான் சாக்கடையை மூடுவதும் கொசுவை ஒழிப்பதும் வைத்தியத்தின் பகுதியாயின. ஒட்டுண்ணி விஷயத்தில் எப்போதும் இரண்டாவது வீட்டைத் தேட வேண்டும்.

சரி, புள்ளி என்றாலே இதுதானா? இல்லை. இங்கேதான் அவசரப்படக் கூடாது.

எண்ணக்கூடிய உப்புக்கல் மாதிரிப் புள்ளி என்றால் மேலே சொன்ன வெள்ளைப்புள்ளி நோய். புள்ளி மிகப் பொடியாக, எண்ண முடியாதபடி, பவுடர் பூசின மாதிரி மங்கலான தங்க நிறத்தில் தெரிந்தால் அது வெல்வெட். அமைலூடினியம் என்று பெயர். அது முதலில் செவுளைப் பிடிக்கும். மீன் வெளிச்சத்தைப் பார்த்தால் ஒதுங்கும், பம்ப்பிலிருந்து தண்ணீர் வேகமாக வரும் இடத்தில் போய் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். புள்ளியே கண்ணில் படாமல் இரண்டு மூன்று நாளில் தொட்டியே காலியாகிவிடுவதும் உண்டு. க்ளவுன் மீனின் உடம்பிலிருந்து சளி மாதிரி வழிந்து தோல் உரிந்தால் அது ப்ரூக்லினெல்லா. அதற்குக் கூடு கட்டும் வேலையெல்லாம் கிடையாது, மீன்மேலேயே இரண்டாகப் பிரிந்து பெருகும். நான் சொன்ன அந்த ஃபார்மலின்தான் அதற்கு மருந்து. புள்ளியே இல்லாமல் மீன் தலையை ஆட்டிக்கொண்டு, கண் மங்கி, உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தால் தட்டைப்புழுவாக இருக்கலாம். கண்ணாடி மாதிரி இருப்பதால் மீன்மேல் ஒட்டியிருந்தாலும் தெரியாது. மீனை ஐந்து நிமிஷம் நல்ல தண்ணீரில் விட்டால் புழு வெளுத்து, சின்னச் சின்ன எள்ளு மாதிரி உதிரும். மனிதர்களுக்குப் புழுவுக்குக் கொடுக்கும் ப்ராசிகுவான்டெல்தான் இதற்கும் கொடுக்கிறார்கள்.

நாலும் நாலு வியாதி. ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து எல்லாவற்றுக்கும் கேட்காது. அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் பாட்டிலைத் திறப்பதற்கு முன்னால் மீனின் தோலை லேசாக வழித்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்கிறார்கள்.

எங்கள் முதல் மாடிக்காரருடையது வெள்ளைப்புள்ளிதான் என்பது டைரியிலேயே தெரிந்துவிட்டது. இத்தனை நாள் வந்து, இத்தனை நாள் மறைந்து, பல மடங்காகத் திரும்பும் கணக்கு வேறு எதற்கும் பொருந்தாது.

அடுத்த கேள்வி, வைத்தியம். நல்ல தண்ணீர் மீனுக்கும் இதே மாதிரி வெள்ளைப்புள்ளி வரும். அங்கே கல் உப்பைப் போடுவார்கள், கேட்கும். கடல் மீனுக்கு உப்பை என்ன செய்வது? எடுக்க வேண்டும்! தண்ணீரின் அடர்த்தியை 1.025-லிருந்து 1.009 வரை படிப்படியாக இறக்கி, வாரக்கணக்கில் அப்படியே வைத்திருந்தால் ஒட்டுண்ணியின் கூடு தாங்காது. மீன் தாங்கும். இது ஒரு முறை.

இரண்டாவது, செம்பு. செப்புக்குடத்தில் தண்ணீர் வைத்துக் குடித்த பாட்டிகள் கேட்டால் சந்தோஷப்படுவார்கள். வெறும் செம்பு உப்பாக இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 0.15-லிருந்து 0.20 மில்லிகிராம். இருநூறு லிட்டர் தொட்டிக்கு மொத்தம் 40 மில்லிகிராம் செம்பைத் தாண்டக் கூடாது. குறைந்தால் ஒட்டுண்ணி பிழைக்கும், கூடினால் மீன் போய்விடும். டெஸ்ட் கிட் இல்லாமல் மூடிக் கணக்கில் ஊற்றுவது, தராசு இல்லாமல் தங்கம் விற்பது மாதிரி. இன்னொன்று, தோலுக்குள் இருக்கும்போது செம்பு அதைத் தொடாது. கூட்டுக்குள் இருக்கும்போதும் தொடாது. வீடு மாறுகிற அந்த ஒரு நாள், தெருவில் நடந்து வரும்போதுதான் பிடிக்க முடியும். அதனால் கடைசி ஆள் தெருவுக்கு வரும்வரை தண்ணீரில் செம்பு குறையாமல் காவல் காக்க வேண்டும். இறால், நத்தை வகையறாவுக்குச் செம்பு விஷம். பாறையும் மணலும் அதை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே இதைத் தனித் தொட்டியில்தான் செய்ய வேண்டும். பவளத்துக்கும் ஆகாதே என்று நீங்கள் கேட்டால், உங்கள் தொட்டியில் பவளம் எப்படி வந்தது என்று நான் திருப்பிக் கேட்பேன். நம் கடல் பவளப் பாறைகளும் கடல் குதிரையும் 2001-லேயே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறிவிட்டன. மீன் டாக்டருக்கு முன்னால் வனத்துறை வந்து நிற்கும்.

குளோரோக்வின் பாஸ்பேட்டும் மீனுக்குக் கொடுப்பதுண்டு. ஆமாம், பழைய மலேரியா மாத்திரைதான். அதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2020 மார்ச்சில், கொரோனா பயத்தில் உலகமே நடுங்கிக்கொண்டிருந்தபோது, அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் ஒரு தம்பதி மீன் தொட்டிக்காக வைத்திருந்த குளோரோக்வின் பாஸ்பேட்டை எடுத்து விழுங்கினார்கள். டி.வி.யில் கேட்ட மருந்தின் பெயரும் டப்பாவில் இருந்த பெயரும் ஒன்றாக இருந்தன. கணவர் இறந்துபோனார். மீன் மருந்தைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள் என்பார்கள். பெரியவர்களுக்கும் எட்டாமல் வைப்பது நல்லது.

மூன்றாவது முறைதான் அவருக்குப் பிடித்தது. மருந்தே வேண்டாம். இரண்டு பெரிய பிளாஸ்டிக் டப். மீனை முதல் டப்பில் விட வேண்டும். மூன்று நாள் முடிவதற்குள் இரண்டாவது டப்புக்கு மாற்ற வேண்டும். முதல் டப்பைக் கழுவி வெயிலில் காய வைக்க வேண்டும். மறுபடி மூன்று நாள், மறுபடி மாற்றம். இப்படிப் பன்னிரண்டு நாளில் நாலு தடவை. தத்துவம் சுலபம். மீனிலிருந்து கழன்ற ஒட்டுண்ணி டப்பின் அடியில் கூடு கட்டும். அது பொரிய குறைந்தது மூன்று நாள். பொரிந்து வருவதற்குள் வீட்டுக்காரர் வீட்டையே காலி செய்துவிட்டுப் போயிருப்பார். ஏழு நாளுக்கு மேல் எதுவும் மீன்மேல் தங்காது என்பதால் பன்னிரண்டு நாளில் மீன் சுத்தம். வெல்வெட்டுக்கு இது உதவாது, வெள்ளைப்புள்ளிக்கு உதவும்.

பெரிய தொட்டி? அதில் மீனே இருக்கக் கூடாது. கூடுகள் 72 நாள் வரைகூடத் தாக்குப்பிடித்ததைப் பார்த்திருக்கிறார்கள். அதனால் 76 நாள் தொட்டியைப் பட்டினி போடுவது வழக்கம். இறாலும் நத்தையும் இருக்கலாம். மீன் மட்டும் கூடாது.

அவர் ஹாலின் சோபாவை நகர்த்தி டப்புகளைப் போட்டார். மீன் ஒளிந்துகொள்ள உடைந்த பி.வி.சி. குழாய்த் துண்டுகள். வேலைக்கு வரும் அம்மா, "என்ன சார், வீட்டை மீன் மார்க்கெட் ஆக்கிட்டீங்க" என்றாராம். டோரி இரண்டாம் நாள் காலையில் போய்விட்டது. நாங்கள் தொடங்கியபோதே அதன் செவுள் கெட்டுப்போயிருந்தது. கடல் மீன் தண்ணீருக்குள்ளேயே இருந்தாலும் உடம்பிலிருக்கும் நீரை உப்புக் கடலுக்கு இழந்துகொண்டே இருக்கும், அதை ஈடுகட்ட ஓயாமல் தண்ணீர் குடிக்கும். தோலும் செவுளும் ஓட்டையானால் அந்தச் சமன் கெட்டுவிடும். தண்ணீருக்கு நடுவே தாகத்தில் சாவது என்றால் அதுதான். அவர் அன்றைக்கு என்னிடம் ஒன்றும் பேசவில்லை. டைரியில் தேதி மட்டும் போட்டிருந்தார்.

நீமோ இரண்டும் டாம்செலும் நாலு மாற்றலையும் தாண்டின. எழுபத்தாறு நாளும் அவர் காலையில் காலித் தொட்டிக்கு முன்னால் காபியோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். வீடியோ காலில் பேத்தி, "தாத்தா, மீனே இல்லாத தொட்டியை ஏன் காட்டறே?" என்று கேட்டதற்கு, "வீட்டுக்குப் பூச்சி மருந்து அடிச்சிருக்கு, வாசனை போனதும் வந்துடுவாங்க" என்றாராம். குழந்தைக்குச் சொல்ல வேறென்ன இருக்கிறது? எழுபத்தேழாம் நாள் மூன்று மீனும் வீடு திரும்பின. இன்றுவரை டைரியில் பூஜ்யம். ஆனால் சிவப்பு மையில் எதுவும் எழுதவில்லை.

டோரிக்குப் பதில் இன்னொரு டோரி வாங்குவீர்களா என்று கேட்டேன். "வாங்கணும் சார். ஆனா வந்தவுடனே தொட்டிக்குள்ள விடறதில்லை. பேங்க்ல புது அக்கவுன்ட் திறக்கிற மாதிரிதான். முதல்ல டப்புல ஒரு மாசம், அப்புறம்தான் உள்ளே" என்றார்.

உங்கள் வீட்டில் மீன் தொட்டி இல்லாமலிருக்கலாம். ஆனால் விட்டு விட்டு வரும் ஒரு மூட்டு வலி இருக்கும். வந்து வந்து போகும் தோல் அரிப்பு இருக்கும். யாரோ ஒரு தைலம் சொல்லியிருப்பார்கள், தடவிய நாலாம் நாள் போயிருக்கும். தைலத்தை நான் குறை சொல்லவில்லை. வலி போன தேதியை எழுதுகிற டைரியில், அது திரும்பி வந்த தேதிக்கும் ஒரு பத்தி விட்டு வையுங்கள். அந்த டைரியை டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போங்கள். பாதி வைத்தியம் அங்கேயே முடிந்துவிடும்.

பல் டாக்டராக இருந்தால், உள்ளே போகும் முன் அவருடைய மீனையும் ஒரு தரம் எண்ணிவிட்டுப் போங்கள்.